நெற்றி லைட்டில் குறை கண்டவர்

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் அதன் பெருமையைத்தான் சொல்வார்கள். சிட்லபாக்கத்தில் நாங்கள் மாடி போர்ஷன் பார்க்கப் போன அன்று, ஹவுஸ் ஓனர் அதன் குறைகளை வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்தார்.

"ஹால் பெருசுதான். ஆனா மேற்கு வெயில் நேரா உள்ள வரும். சமையல் ரூமுக்கு ஜன்னல் இருக்கு. ஆனா பக்கத்து வீட்டுச் சுவருதான் தெரியும். தண்ணிக்குப் பஞ்சமில்ல. ஆனா உப்பு. பருப்பு வேக லேட்டாகும்."

புதிதாகக் கல்யாணமான துணிச்சலில், "அப்ப இந்த வீட்டுல நல்லதே இல்லையா சார்?" என்று கேட்டுவிட்டேன். என் கணவர் முழங்கையால் என்னை இடித்தார். ஹவுஸ் ஓனர் கோபப்படவில்லை. மோவாயைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கீழ நாங்க ரெண்டு பேருதான். சண்டை சச்சரவு இருக்காது" என்றார். உடனே, "ஆனா நான் எதையாவது தட்டிக்கிட்டே இருப்பேன்" என்று அதற்கும் ஒன்றைச் சேர்த்தார்.

எண்பதுகளின் கடைசி அது. குடிபோன சில நாட்களில் சார் எங்களுக்கு அங்கிள் ஆனார், அவர் மனைவி ஆன்ட்டி ஆனார். மகளைத் திருச்சியில் கட்டிக்கொடுத்துவிட்டு இருவரும் தனியாக இருந்தார்கள். அங்கிள் ஓய்வு பெறும்வரை பார்த்த வேலை, குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வந்து இறங்கும் சரக்கைச் சோதித்து, தேறாததைத் திருப்பி அனுப்புவது. அதாவது குறை கண்டுபிடிக்க அவருக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு அதையே இலவசமாகச் செய்தார்.

கீரைக்காரி, சலூன்காரர், கேபிள் டிவி இழுக்க வந்தவர் யாரும் தப்பியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பியதும், "பிரசங்கம் நல்லா இருந்துச்சு. ஆனா மைக்கு இரையுது" என்பார். எங்களுக்குப் பெண் பிறந்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோதுகூட, "மூக்கும் முழியுமா இருக்கா. ஆனா உங்க ரெண்டு பேரு மாதிரியும் இல்ல" என்றார். என் மாமியார் அதற்காக ஒரு வாரம் அவருடன் பேசவில்லை. ஆன்ட்டி வைக்கும் மீன் குழம்புக்கு மட்டும் 'ஆனா' கிடையாது. தட்டை வழித்துவிட்டுப் பேசாமல் எழுந்து போவார்.

தட்டிக்கொண்டே இருப்பேன் என்று சொன்னது பொய்யில்லை. ஃபேன், ரேடியோ, அயர்ன் பாக்ஸ், குழாய் எது பழுதானாலும் வெளி ஆளைக் கூப்பிட மாட்டார். கிணற்றடியில் இடுப்பளவு ஆழத்துக்குத் தோண்டிய குழிக்குள் மோட்டார் இருந்தது. அது வாரம் தவறாமல் ஏதாவது வம்பு செய்யும். உடனே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிடுவார். பகலிலும் அதற்குள் இருட்டுதான். மேலே குனிந்து நின்று ஆன்ட்டி டார்ச் பிடிப்பார்.

டார்ச் பிடிப்பதைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். ஃப்யூஸ் போட ஸ்டூலில் ஏறும் என் கணவருக்கு நான் பிடித்திருக்கிறேன். "இங்க காட்டு, அங்க இல்ல, என் மூஞ்சில ஏன் அடிக்கிற" என்று ஆரம்பித்து, என் அம்மா வீட்டைப் பற்றிப் பேச்சு வந்து, கடைசியில் ஃப்யூஸ் போடாமலே படுத்துக்கொள்வோம். கீழே அந்தச் சத்தமே கேட்காது. ஆன்ட்டி வெளிச்சத்தை வைத்த இடத்தில் அங்கிள் கை போகும். அங்கிள் எந்த ஸ்க்ரூவைத் தேடுகிறாரோ அதன்மேல் வெளிச்சம் முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும். அவர் "இங்க" என்று சொல்லி நான் கேட்டதில்லை. பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும்.

வெளியே போனாலும் அப்படித்தான். அங்கிளுக்குத் தூண்டில் பைத்தியம். படப்பைப் பக்கத்து ஏரிகளுக்கு மொபெட்டில் போவார்கள். பின்னால் ஆன்ட்டி, மடியில் மண்புழு டப்பா. திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். மொபெட் விளக்கு மினுக் மினுக்கென்று எரியும், அதனால் ஆன்ட்டி அவர் தோளுக்கு மேல் கையை நீட்டி டார்ச்சை ரோட்டில் அடித்துக்கொண்டே வருவார். எதிரில் வருகிற லாரிக்காரன் என்ன வண்டி என்று புரியாமல் ஒதுங்கிப் போவான். செப்டம்பர் மாதம் பெசன்ட் நகர் மாதா கோவில் திருவிழாவுக்குத் தாம்பரத்திலிருந்து விடியுமுன் நடந்து போகிற கூட்டத்திலும் அந்த டார்ச் உண்டு.

இப்படி இருந்தவர், ஒரு நாள் மாடிப்படியில் என் கணவரை நிறுத்தினார்.

"தம்பி, நீங்க பீச் ஸ்டேஷன் பக்கம்தான வேலைக்குப் போறீங்க? பர்மா பஜார்ல தலையில மாட்டிக்கிற லைட்டு ஒண்ணு விக்கிறானாமே. நெத்தியில எரியுமாம். ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும். ஒண்ணு பாத்து வாங்கிட்டு வாங்களேன்."

என் கணவர் வாங்கிவந்தார். அங்கிள் அதை மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி ஏறினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா வெளிச்சத்துக்கு நடுவுல கருப்பா ஒரு பொட்டு விழுது. அந்தப் பொட்டுலதான் ஸ்க்ரூ வருது" என்றார். லைட் அட்டைப்பெட்டிக்குள் போனது.

அப்புறம் தொடங்கியது எங்களுக்குச் சோதனை. சில மாதத்துக்கு ஒருமுறை படியில் நிறுத்துவார். ஒவ்வொரு முறையும் அவருக்கு வேண்டிய லைட்டின் இலக்கணம் நீண்டுகொண்டே போகும். வீட்டு வேலைக்கும் ஆக வேண்டும், வெளி வேலைக்கும் ஆக வேண்டும். கையருகே இருப்பதைப் பார்க்க வெளிச்சம் அகலமாகப் பரவ வேண்டும், ஏரிக்கரையில் தூண்டில் மிதப்பைப் பார்க்கத் திருகினால் நீளமாகக் குவிய வேண்டும். தலையைக் குனியாமல் விளக்கை மட்டும் சாய்க்க வேண்டும். ஈரக்கையால் சுவிட்சைத் தொட்டால் ஒன்றும் ஆகக் கூடாது. மழையில் நனைந்தாலும் எரிய வேண்டும். தெருமுனைப் பெட்டிக்கடையில் கிடைக்கிற பென்சில் செல்லில் ஓட வேண்டும்.

இரண்டாவது லைட்டில் பேட்டரி டப்பா பின்மண்டையில் இருந்தது. "கனம் பின்னாடி இழுக்குது, ஆகாயத்தைப் பாக்கத்தான் சரி" என்றார். மூன்றாவது தலைக்கு உட்கார்ந்தது, வெளிச்சமும் பரவியது. "ஆனா பல்பு சூடு. நெத்தி வேகுது." இன்னொன்றின் பேட்டரி இடுப்பில் கட்டுகிற பெல்ட்டில் இருந்தது. ஒயர் லுங்கியில் மாட்டிக்கொள்கிறது என்று அதுவும் பெட்டிக்குள் போனது.

பஜார் கடைக்காரர் சொன்னதை என் கணவர் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவார்.

"இன்னா சார், ஒரு லைட்டுக்கு இம்மாங் கேள்வி கேக்குற? நீ கெணறு தோண்டப் போறியா, மலை ஏறப் போறியா?"

"எனக்கு இல்லப்பா. எங்க ஹவுஸ் ஓனருக்கு."

"அப்ப அவுரு தலய இட்டாந்து காட்டு சார். அளவு எடுத்துகினு தெச்சே குடுத்துடறேன். பேஜாரா கீது உன்னோட."

எனக்குச் சிரிப்பு வந்தாலும் எரிச்சலும் வரும். ட்ரெயினில் தொங்கிக்கொண்டு போய்வருகிற மனுஷனுக்கு இது ஒரு வேலையா? அங்கிளுக்கு லைட் வேண்டாம், வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு சாமான் வேண்டும், தொழிற்சாலைப் பழக்கம் விடவில்லை என்று நான் முடிவுகட்டினேன். தெருவிலும் அதைத்தான் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள்.

ஆன்ட்டி ஒரு வாரம் திருச்சிக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது என் சமையலறைத் தொட்டிக்கு அடியில் பைப் பிடுங்கிக்கொண்டது. தண்ணீர் ஹால் வரை ஓடியது. கீழே போய்ச் சொன்னேன். அங்கிள் வந்தார், கையில் ஸ்பேனர், தலையில் லைட். நெத்தி வேகுது என்று ஒதுக்கிய அதே மூன்றாவது லைட். அதை மாட்டியிருந்த விதத்தைப் பார்த்தால் முதல் தடவை மாட்டுகிறவர் மாதிரி இல்லை. தொட்டிக்கடியில் மல்லாந்து படுத்தார், விளக்கைச் சற்றே சாய்த்தார், பேசாமல் வேலை செய்தார். நான் துணியால் தண்ணீரை ஒற்றி எடுத்து முடிப்பதற்குள் பைப்பை மாட்டிவிட்டு எழுந்துவிட்டார்.

"நெத்தி வேகலையா அங்கிள்?" என்றேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

அவர் லைட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"லைட்டுல ஒரு குறையும் இல்லம்மா. மொதல்ல வந்ததே போதும்."

நான் கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்தேன்.

"அவ கை நடுங்குது. நீ பாத்திருப்ப" என்றார்.

பார்த்திருந்தேன். காபி டம்ளரை இப்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துத் தருவார். வயசு என்று நினைத்திருந்தேன்.

"டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு. நரம்பு சம்பந்தப்பட்டதாம். அவதான் சொன்னா, எனக்குக் கை நிக்கல, நீங்க அந்த நெத்தி லைட்டு ஒண்ணு வாங்கிக்கங்கன்னு. சரின்னு வாங்கினேன். அது வந்த அன்னிக்கு மாட்டிக்கிட்டு குழியில எறங்கறேன், இவ டார்ச்சை எடுத்துட்டு வந்து மேல நின்னா. என் தலையில எரியறதைப் பாத்தா. டார்ச்சை ஆணியில மாட்டிட்டு உள்ள போயி, கட்டில்ல உக்காந்துக்கிட்டா. மடியில ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு, அந்தக் கையையே பாத்துக்கிட்டு இருந்தா."

லைட்டின் பட்டையை விரலில் சுற்றிக்கொண்டார்.

"வெளிய வந்து, லைட்டு சரியில்ல, நடுவுல பொட்டு விழுது, நீ வந்து டார்ச்சைப் பிடின்னேன். எழுந்து வந்தா. சமையலுக்கு ஆள் வச்சாச்சு. துணி துவைக்க ஆள் வச்சாச்சு. இப்ப இந்த ஒண்ணுதான் அவ கையில இருக்கு. கையிலேர்ந்து எதையாவது கீழ போட்ட அன்னிக்கெல்லாம் திரும்பவும் வாங்குங்கன்னு அவளே நச்சரிக்கிறா. வாங்கினா உள்ள போயி உக்காந்துக்கிறா. நான் என்னம்மா பண்றது?"

"அவகிட்ட சொல்லிடாத" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. தெருவெல்லாம் நான் பரப்பிய கதையைத் திரும்பப் பொறுக்கியெடுக்கவும் வழி இல்லை, உண்மையைச் சொன்னால்தானே எடுக்க முடியும்.

தெரிந்த பிறகு கீழே பார்க்காமல் இருக்க முடியவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து மோட்டார் குழி நன்றாகத் தெரியும். வெளிச்சம் குழிக்குள் நிற்காமல் ஆடியது. ஒரு நேரம் மோட்டார் மேல், ஒரு நேரம் சுவர் மேல், ஒரு நேரம் வெளியே துளசிச் செடி மேல். அங்கிள் அது திரும்பி வருகிறவரை திருப்புளியை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருப்பார். வந்ததும் ஒரு திருகு. மறுபடி காத்திருப்பார்.

"தெரியுதாங்க?" என்பார் ஆன்ட்டி. முன்பெல்லாம் அவர் கேட்டதே இல்லை.

"பளிச்சுன்னு தெரியுது."

கரண்டை அணைக்காமல் அப்படித் திருகக்கூடாது என்று கத்த வேண்டும் போலிருக்கும். அணைத்துவிட்டுத்தான் இறங்கியிருப்பார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்வேன். மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு நாள் நான் பயந்தது வேறு விதத்தில் நடந்தது. வெளிச்சம் துள்ளிய நேரத்தில் திருப்புளி நழுவி இடது உள்ளங்கையில் இறங்கிவிட்டது. ஆட்டோ பிடித்து நான்தான் மெயின் ரோட்டு டாக்டரிடம் அழைத்துப்போனேன். தையல் போட்டார்கள். ஊசி போடும்போதும் அங்கிள், "ஸ்க்ரூ துரு பிடிச்சுப்போச்சு டாக்டர். நல்ல ஸ்க்ரூவா இருந்தா இப்படி ஆகியிருக்காது" என்று ஸ்க்ரூவில் குறை கண்டார்.

மறுநாள் ஆன்ட்டி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி என் வீட்டுக்கு வந்தார். மாடிக்கு வந்து மாதக்கணக்காகியிருந்தது.

"ஸ்க்ரூல துரு எதுவும் இல்ல. என் கைதான் துள்ளிடுச்சு. எனக்குத் தெரியாதாம்மா?" என்றார். "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி நல்ல லைட்டா ஒண்ணு வாங்கிக்குடு. அவர் வாயில ஆனான்னு ஒரு வார்த்தை வராத மாதிரி லைட்டு. கண்ணைக் குத்திக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்? நீதான் பாத்துப் பண்ணணும்."

அப்படி ஒரு லைட் உலகத்தில் எந்த பஜாரிலும் இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்ல முடியாது. சரி என்று தலையாட்டினேன். சாயங்காலம் கீழே போய், ஆன்ட்டி குளிக்கப் போன நேரம் பார்த்து, "அங்கிள், இனிமே நீங்க அந்த லைட்டை மாட்டிக்கிட்டே ஆகணும். கையோட போச்சு" என்றேன்.

"மாட்டிக்கிறேன். நீ சொல்றது நியாயம்தான்" என்றார். கட்டுப்போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா அப்புறம் அவ எங்க நிப்பா?"

அவர் சொன்ன ஆனாக்களிலேயே அதற்குத்தான் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் என்னிடம் கெஞ்சுகிறார்கள். நடுவில் நான் நிற்கிறேன், ஒரு உபயோகமும் இல்லாமல்.

எதற்கும் இருக்கட்டும் என்று என் கணவர் பஜாருக்குப் போய்வந்தார். கடைக்காரரே அலுத்துப்போய், இருந்ததிலேயே நல்லதாக ஒன்றை உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார். அங்கிள் அதை ஹாலில் எங்கள் எல்லார் முன்னாலும் மாட்டிக்கொண்டார். சாய்த்தார், சாய்ந்தது. திருகினார், வெளிச்சம் விரிந்தது, குவிந்தது. கையைத் தண்ணீரில் நனைத்து சுவிட்சைத் தட்டினார். தலையை உலுக்கினார், நழுவவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா" என்றார். அதற்கு மேல் வரவில்லை.

எத்தனை வருஷம் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர். அந்த லைட்டில் அவருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. ஆன்ட்டி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள், ஏதாவது சொல்லுங்களேன் அங்கிள், பட்டை நிறம் பிடிக்கவில்லை என்றாவது சொல்லுங்களேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"ஆனா என்னங்க?" என்றார் ஆன்ட்டி.

"காதுக்கு மேல அழுத்துது" என்றார் ஒருவழியாக. சொன்ன குரலிலேயே பொய் தெரிந்தது.

ஆன்ட்டி மெல்ல எழுந்து வந்தார். நடுங்கும் கையால் அவர் தலையிலிருந்து அதைக் கழற்ற முயன்றார். முடியவில்லை. அங்கிளே கழற்றிக் கொடுத்தார். ஆன்ட்டி அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "பின்னாடி கொஞ்சம் இழுத்து விடும்மா" என்றார். இழுத்து விட்டேன்.

"எனக்கு அழுத்தல" என்றார். "வாங்க, எந்த வேலை பாக்கி இருக்கு?"

அவர் கைதான் ஆடியதே தவிர, தலை அப்போது ஆடவில்லை. குழிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டோம். உட்கார்ந்து குனிந்து பார்த்தார். பார்த்த இடத்தில் வெளிச்சம் விழுந்தது. அங்கிள் தையல் பிரித்த கையோடு இறங்கித் தலை நிமிராமல் வேலை செய்தார். பழைய மாதிரி அவர் கை போவதற்கு முன்னாலேயே வெளிச்சம் போய் உட்கார்ந்தது. என் கணவர் அன்று என்னிடம், "எனக்கு ஏன் இது தோணல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் தோணவில்லை. அவர்கள் கஷ்டத்துக்கு அவர்களேதான் வழி கண்டுபிடித்தார்கள்.

அந்த வருஷம் நன்றாகப் போயிற்று. ஏரிக்கும் ஓரிரு முறை போனார்கள். மொபெட்டில் பின்னால் உட்கார்ந்த பெண்பிள்ளையின் நெற்றியில் விளக்கு எரிவதைத் தாம்பரம் மார்க்கெட்டே நின்று பார்த்ததாம். ஒரே ஒரு தொல்லைதான். டார்ச் என்றால் கை ஒரு பக்கம் இருக்கும், கண் வேறு பக்கம் போகலாம், யாருக்கும் தெரியாது. இதில் அது முடியாது. வேலைக்கு நடுவில் அடிக்கடி அங்கிள் முகத்தில் வெளிச்சம் வந்து விழும்.

"கண்ணு கூசுது. ஸ்க்ரூவைப் பாரு, என்னை ஏன் பாக்குற" என்பார். ஆன்ட்டி உடனே கீழே பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி முகத்துக்கு வந்துவிடும்.

ஆனால் அந்த நோய் நிற்கிற நோய் இல்லை. மாத்திரையை ஏற்றி இறக்கிக் கொடுத்துப் பார்க்கலாம், போக்க முடியாது என்று பெரிய ஆஸ்பத்திரியிலும் சொல்லிவிட்டார்கள். முதலில் வாசல்படி இறங்க முடியாமல் போனது. மொபெட்டை விற்றார்கள். பிறகு கழுத்து இறுகிப்போய், திரும்புவது நின்றது. ஆன்ட்டியை நாற்காலியில் எப்படி உட்காரவைக்கிறோமோ அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார். நேராக உட்காரவைத்தாலும் சிறிது நேரத்தில் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மகள் வந்து திருச்சிக்குக் கூப்பிட்டாள். இருவரும் போகவில்லை. மோட்டார் வேலைக்கு அங்கிள் வெளி ஆளைக் கூப்பிட ஆரம்பித்தார். அந்த ஆளுக்குக் கதவைத் திறந்துவிட்டு, குழிப் பக்கம் பார்க்காமல் மாடிக்கு வந்துவிடுவேன்.

ஒரு மத்தியானம் முறுக்கு கொடுக்கக் கீழே போனேன். கரண்ட் இருந்தது. ஆனாலும் அங்கிள் ட்யூப் லைட்டை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டிருந்தார். ஆன்ட்டி நாற்காலியில் நெற்றி லைட்டோடு இருந்தார். தலை இடது பக்கம் சாய்ந்து, வெளிச்சம் சுவரோரம் தரையில் செருப்பு விடுகிற மூலையில் விழுந்துகொண்டிருந்தது. செருப்புகளை ஒதுக்கிவிட்டு அங்கிள் அந்த மூலையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் மேஜை ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தார். போன வாரம் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் அது.

"தெரியுதா?" என்றார் ஆன்ட்டி. குரல் குழறலாக வந்தது.

"பளிச்சுன்னு தெரியுது."

அங்கிள் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் முறுக்கை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அடுத்த வாரம் பார்த்தால் அயர்ன் பாக்ஸ். அதற்கடுத்து கடிகாரம். பிறகு ரேடியோ. பிரிப்பார், துடைப்பார், மாட்டுவார். கீழ் வீட்டில் பிரிக்காத சாமான் ஒன்றும் பாக்கி இல்லை என்று அவரே ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலை என் மிக்ஸியில் சட்னி அரைத்தேன். சத்தமே இல்லாமல் வெண்ணெயாக அரைத்துக் கொடுத்தது. அதைக் கழுவித் துடைத்து, ஒயரைச் சுற்றி, தூக்கிக்கொண்டு கீழே போனேன்.

"ஓடல அங்கிள். கொஞ்சம் பாக்குறீங்களா?"

அவர் பிளக்கில் சொருகிப் பார்க்கவில்லை. தூக்கிப் பார்த்தார், ஒரு பக்கமாகச் சாய்த்துக் காதருகே ஆட்டினார். மிக்ஸியில் இன்னும் சட்னி வாசனை இருந்தது. அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஆமா. பெரிய ரிப்பேரா இருக்கும் போலருக்கு" என்றார். திரையை இழுத்துவிட்டு ஆன்ட்டி பக்கம் திரும்பினார். "மாடிப் பொண்ணு மிக்ஸி. நாம ரெண்டு பேருமா உக்காந்தாத்தான் முடியும்."

ஆன்ட்டியின் நெற்றியில் லைட்டைப் போட்டுவிட்டு, வெளிச்சம் விழுந்த மூலையைத் தேடிப்போய் உட்கார்ந்தார். ஆன்ட்டி முகத்தில் எதுவும் அசையவில்லை, அந்த நோய் முகத்தையும் கட்டிப்போட்டிருந்தது. ஆனால் சாய்ந்திருந்த தலையை நிமிர்த்த அவர் முயன்றார். வெளிச்சம் தரையிலிருந்து மெல்ல ஏறி, மிக்ஸியைத் தாண்டி, அங்கிள் சட்டைப் பொத்தான் வரை வந்து, அதற்கு மேல் வர முடியாமல் நின்றது. அங்கிள் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை அந்த வெளிச்சத்துக்குள் தாழ்த்திக்கொண்டார்.

நான் மாடிக்கு வந்து, அடுத்து எதைக் கெடுத்துக் கொண்டுபோகலாம் என்று சமையலறையைச் சுற்றிப் பார்த்தேன்.